பழைய விவசாயத்தை நேரில் செய்து காட்டும் பண்ணை அருங்காட்சியகங்கள் பார்க்கத் தகுந்தவைதானா? யாராவது போயிருக்கிறீர்களா?

போயிருக்கிறேன். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டெ மாய்ன் நகரை ஒட்டிய அர்பண்டேலில் இருக்கும் 'லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ்' என்ற இடத்துக்கு மூன்று முறை. டெ மாய்ன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நிறைந்த ஊர். ஒரு ப்ராஜெக்டுக்காக நான்கு வருடம் அங்கே குடியிருந்தேன்.

அதற்கு முன் இந்த மாதிரி இடங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. நம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் மரக்கலப்பை ஒன்றைச் சுவரில் மாட்டி, விளக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். மேழி கீழே, கொழு மேலே! தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே 'வெல்கம் டிரிங்க்' கொடுத்தார்கள். ஐயோவாவிலும் இதே கதைதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதாரம் கற்பித்த வில்லியம் முர்ரே என்ற பேராசிரியர் 1970இல் தொடங்கிய இடம் இது. கவர்னர் தேர்தலில் இரண்டு முறை நின்று தோற்றவர் அவர். ஜெயித்திருந்தால் இந்தப் பண்ணை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பரப்பு சுமார் 500 ஏக்கர். டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏற்றி, நெடுஞ்சாலைக்கு அடியில் இருக்கும் சுரங்கப் பாதை வழியாக வயல்களுக்குக் கூட்டிப்போகிறார்கள். தலைக்கு மேல் லாரிகள் ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் வெளியே வந்தால் மக்காச்சோளக் காடு.

மூன்று காலத்துப் பண்ணைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலில் 1700ஆம் ஆண்டு வாக்கில் ஐயோவே பழங்குடியினர் செய்த விவசாயம். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் ஒரே மேட்டில். சோளத்தட்டையில் பீன்ஸ் ஏறும், பூசணி தரையை மூடிக் களையை அடக்கும். காட்டெருமையின் தோள்பட்டை எலும்பைக் கம்பில் கட்டினால் அதுதான் மண்வெட்டி. வயல் முழுக்கப் பெண்கள் பொறுப்பு. அதைத் தாண்டி நடந்தால் 1850ஆம் ஆண்டுக் குடியேறிகளின் மரக்குடிசை, எருதுகள். அடுத்தது 1900, குதிரை இழுத்த காலம். 1870களின் கடைத்தெரு ஒன்றும் தனியாக இருக்கிறது. கொல்லுப்பட்டறை, மளிகைக்கடை என்று குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

இந்த வரிசையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. 1700இலிருந்து 1850க்குச் சில நிமிட நடை. ஒன்று முடிந்து அடுத்தது தானாகவே முளைத்தது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. மாநிலத்துக்கே தங்கள் பெயரைக் கொடுத்த ஐயோவே மக்கள் 1830களில் ஒப்பந்தம் ஒப்பந்தமாக நிலத்தை இழந்து, கான்சாஸ்–நெப்ராஸ்கா எல்லைக்குத் தள்ளப்பட்டார்கள். இரண்டு பண்ணைகளுக்கும் நடுவே நடந்து கடக்கிற புல்வெளிதான் அந்தக் கதை. கேட்டால் சொல்கிறார்கள், ஒளிப்பதில்லை. ஆனால் கேட்க வேண்டும்.

இரண்டாவது முறை போனபோது அம்மா கூட இருந்தார்கள். மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருடம் நடவு, அறுப்பு, களம் என்றே வாழ்ந்தவர்கள். மாலில் பத்து நிமிடம் நடந்தால் கால் வலிக்கும். அன்றைக்கு மூன்று மணி நேரம் உட்காரவே இல்லை. 1850 பண்ணையில் எருது ஜோடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

"திமிலே இல்லையேடா. நுகத்தடி எங்க நிக்கும்?"

எனக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியிருக்காது. நம் நாட்டு மாட்டுக்கு நுகத்தடி திமிலுக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். மாடு முன்னே தள்ளத் தள்ள திமில் தாங்கிக்கொள்ளும். அந்த ஊர் மாட்டுக்குக் கழுத்தும் முதுகும் ஒரே சமம். தொப்பி போட்ட இளைஞர் ஒருவர் எருதுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கேள்வியை மொழிபெயர்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாட்டை நிறுத்தி, நுகத்தைக் கழற்றியே காட்டினார். கனமான கட்டை. அதில் இரண்டிரண்டு துளைகள். 'ப' போல வளைத்த மரக்கொம்பைக் கழுத்துக்கு அடியிலிருந்து கொடுத்துத் துளைகள் வழியே மேலே எடுத்து, ஆப்பு வைத்து முடுக்குகிறார்கள். மூக்கணாங்கயிறும் கிடையாது. இடது பக்கம் கூடவே நடந்தபடி 'ஜீ' என்றால் வலப்புறம், 'ஹா' என்றால் இடப்புறம், அவ்வளவுதான். அம்மா ஒருமுறை 'ஹா' சொல்லிப் பார்த்தார்கள். மாடு திரும்பவில்லை. "நம்ம குரல் அதுக்குப் புரியல" என்றார்கள்.

1900 பண்ணையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கம்பி. மக்காச்சோளம் விதைக்கும் குதிரை வண்டியோடு, சுமார் 40 அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக நீளக் கம்பிச்சுருள் ஒன்று வைத்திருந்தார்கள். வயலின் இந்தத் தலைமாட்டிலிருந்து அந்தத் தலைமாட்டுக்குக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு வண்டியை ஓட்டுவார்களாம். ஒவ்வொரு முடிச்சும் ஒரு நெம்புகோலைத் தட்ட, மூன்று நான்கு விதை விழும். வயல் முழுக்கச் சதுரங்கக் கட்டம் போலப் பயிர் நிற்கும். அப்புறம் களையெடுக்கும் கருவியை நீளவாட்டிலும் ஓட்டலாம், குறுக்குவாட்டிலும் ஓட்டலாம். இடைவெளி ஏன் 40 அங்குலம்? வரிசைக்கு நடுவே குதிரை நடக்க வேண்டுமே!

திருந்திய நெல் சாகுபடி செய்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். 25 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒற்றை நாற்று வைத்து, கையால் தள்ளும் களைக்கருவியான கோனோவீடரைக் குறுக்கும் நெடுக்கும் தள்ளுகிறோமே, அதே கணக்கு. அங்கே குதிரையின் உடம்பு அளவு, இங்கே நெல் தூர் கட்டும் அளவு. களைக்கொல்லி வந்த பிறகு அவர்களுக்கு இந்தக் கட்டம் தேவையில்லாமல் போனது. இன்று வரிசைகள் நெருங்கிவிட்டன. அன்று ஏக்கருக்கு 40 புஷல் எடுத்தாலே நல்ல மகசூல், இன்று மாநிலத்தின் சராசரியே 200ஐ ஒட்டி. ஒரு புஷல் சோளம் சுமார் 25 கிலோ. வீரிய விதையும் உரமும் செய்த வேலை அது. வீரிய சோள விதையை வியாபாரமாக்க 1926இல் கம்பெனி தொடங்கிய ஹென்றி வாலஸ் இதே ஐயோவாக்காரர்தான், பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆனார்.

இன்னொரு விஷயம், 1979 அக்டோபர் 4 அன்று போப் இரண்டாம் ஜான் பால் இந்தப் பண்ணைக்கு வந்து திருப்பலி நடத்தினார். சுமார் மூன்றரை லட்சம் பேர் கூடினார்களாம். உள்ளூர் விவசாயி ஒருவர் கைப்பட எழுதிய அழைப்புக் கடிதம்தான் தொடக்கம் என்கிறார்கள். அந்தக் காலி மேட்டில் நின்று பார்த்தால் நம்பவே முடியாது.

தமிழ்நாட்டில் இப்படி உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கும் நேர்த்திக்காகவே போகலாம். ஆனால் அது வீட்டுக்கும் கைவினைக்குமான இடம். உழுது, விதைத்து, அறுத்துப் போர் அடிப்பதை வருடம் முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் வேறு இடம்தான் தேட வேண்டும்.

சரி, போகத் தகுந்ததா? கேள்வி கேட்பவர்களுக்குத் தகுந்தது. படம் எடுக்க மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். குளிர்காலத்தில் போக நினைக்காதீர்கள், கோடையில் தொப்பி அவசியம்.

அன்று இரவே அம்மா ஊருக்கு போன் போட்டு, திமில் இல்லாத மாட்டைப் பற்றிச் சித்தப்பாவிடம் அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் போனை என்னிடம் நீட்டினார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு உழும்னு கேட்டியா தம்பி?" என்றார் சித்தப்பா. கேட்கவில்லை. மூன்றாவது முறை போனது அதற்காகத்தான். ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் என்றார்கள். சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே குரல் செய்தி வந்தது.

"ஒரு ஏக்கரா? கலப்பை எத்தனை அங்குலம் அகலம்னு கேட்டியா?"