ஆச்சி சொல்வதில் பாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபரில் நேபாளம் போகிறோம். ஏஜென்ட் கிடையாது, எல்லாம் நாங்களே. மகளுக்கு அப்போது இருபது மாதம், எடை 11 கிலோ. முதுகுக் கேரியரில் வைத்துக்கொண்டு நயாபுல்லில் இருந்து கோரேபானி, பூன் ஹில் ஏறத் திட்டம். மாஞ்சோலைக் குளிரைப் பிள்ளை நன்றாகவே தாங்கினாள். "பச்சப்பிள்ளயத் தூக்கிக்கிட்டு மலைக்கா? சோறு தண்ணிக்கு என்ன செய்வீய?" என்று ஆச்சி சண்டை போடுகிறார். எதற்குப் பயப்பட வேண்டும்?

ச., அம்பாசமுத்திரம்

அன்புள்ள ச.,

கட்டாயம் போய் வாருங்கள். சோற்றுக்குப் பயம் வேண்டாம். அந்த வழியெல்லாம் பருப்பும் சோறும் சூடாகக் கிடைக்கும், பிசைந்து ஊட்டலாம். தண்ணீரை மட்டும் 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

பயப்பட வேண்டியது குளிருக்கு. மாஞ்சோலை 1000 முதல் 1500 மீட்டர். கோரேபானி 2,860 மீட்டர் பக்கம், பூன் ஹில் 3,210. அங்கே சூரியோதயம் பார்க்க இருட்டிலேயே ஏறுவார்கள். ஏறுகிற உங்களுக்கு வேர்க்கும். முதுகில் அசையாமல் இருக்கிற பிள்ளைக்கு உடம்பு சூடாக வழியே இல்லை. தொங்கும் காலில் தொடைப்பக்கம் வார் அழுத்தினால் ரத்த ஓட்டமும் குறையும். முக்கால் மணிக்கு ஒருமுறை இறக்கி, காலைத் தேய்த்து, நடக்க விடுங்கள். சட்டைக்குள் கைவிட்டுப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்றிருந்தால் உடனே ஈர டயாபரை மாற்றி, மாரோடு அணைத்துப் போர்த்துங்கள்.

உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரியவர்கள் தலை வலிக்கிறது என்போம். அவளுக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட மறுப்பாள், என்ன செய்தாலும் அழுகை நிற்காது, வாந்தி எடுப்பாள். விடியட்டும் என்று காத்திராமல் இறங்கிவிட வேண்டும். வழியில் வரும் உல்லேரி ஊரின் ஆயிரக்கணக்கான கல்படிகளில், கேரியரோடு சேர்த்து 14 கிலோ முதுகில் இருக்க, ராத்திரியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். அதனால் இந்த முறை பூன் ஹில் வேண்டாம். 2000 மீட்டர் வாக்கில் இருக்கும் காந்த்ருக் கிராமத்தில் இரண்டு ராத்திரி தங்குங்கள். அன்னபூர்ணா தெற்குச் சிகரம் அங்கிருந்தே தெரியும். ஜீப் பாதையும் பக்கம்.

காய்ச்சல் மருந்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள். பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமும் உண்டு, 250-ம் உண்டு. பாட்டில் மாறினால் அதே மூடியளவில் மருந்து இரட்டிப்பாகிவிடும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் அவளுக்கு 165: முதலாவதில் 6.6 மில்லி, இரண்டாவதில் 3.3. டாக்டரிடம் காட்டி உறுதிசெய்து பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கரைக்காதீர்கள், உப்பின் அளவு தப்பும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமே வாங்குங்கள்.

பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலி சேவா கேந்திராவுக்குப் போகும்போது, நாலு வயதுக்குக் கீழே என்பதால் வெள்ளைப் பின்னணிப் படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். விமானத்தில் மடி டிக்கெட் போதும். தரையிறங்க அரைமணி இருக்கும்போதே பால் குடிக்கக் கொடுத்தால் காது அடைக்காது.

கேரியரை இப்போதே வாங்கி, தாமிரபரணிக் கரையில் இரண்டு மணி நேரம் தூக்கி நடந்து பாருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் இறக்கிவிடச் சொல்லி அழுகிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காந்த்ருக்கில் ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பது என்பதை அந்தக் கணக்கில் போடுங்கள்.