வாசகர் கேள்வி–பதில்: கொரோனா காலத்துச் சான் பிரான்சிஸ்கோ

2020-ல் சான் பிரான்சிஸ்கோ ஹோட்டல்கள் ஈயடித்துக்கொண்டிருந்தனவே. வீடற்ற எல்லோரையும் அங்கே தங்கவைத்திருக்கக் கூடாதா?
- வாசகர், கோவை

அதற்குச் சட்டமே போட்டார்கள். வீடற்றோர் தங்கும் எம்.எஸ்.சி. சவுத் காப்பகத்தில் 70 பேருக்குத் தொற்று என்று ஏப்ரல் 10-ல் தெரிந்தது. நான்கே நாளில், 8,250 அறைகளை 26-ம் தேதிக்குள் பிடிக்க வேண்டும் என்று நகர அவை ஒருமனதாக அவசரச் சட்டம் நிறைவேற்றியது. மேயர் லண்டன் பிரீட் நிர்வாகம் அதைச் செயல்படுத்தவில்லை. வீடற்றோருக்குக் கிடைத்த அறைகள் உச்சத்தில்கூட அதில் பாதியைத் தொடவில்லை.

வாடகை மட்டுமா செலவு? 24 மணி நேரக் காவல், மூன்று வேளைச் சாப்பாடு, துப்புரவு, தூக்கிச் சுமக்க ஆள் என்று ஒவ்வொரு ஹோட்டலுக்கும் தனித்தனியே வேண்டும். மத்திய பேரிடர் முகமையான ஃபெமா 75 சதவீதம் திருப்பித் தந்தது; ஆனால் தொற்று கண்டவர், அவரோடு பழகியவர், 65 வயதைத் தாண்டியவர், நாள்பட்ட நோயாளி ஆகியோருக்கு மட்டும். திடமாக இருக்கும் 40 வயதுக்காரருக்கு அறை கொடுத்தால் செலவு நகரத்தின் தலையில். தகுதியானவருக்கும் முதலில் கைக்காசைப் போட்டு, பிறகு பில் காட்டித்தான் வாங்க வேண்டும். 2021 தொடக்கத்தில் பைடன் அரசு முந்தைய செலவையும் சேர்த்து 100 சதவீதமாக்கியது. நல்ல முடிவு, ஆனால் தாமதம்: ஹோட்டல்களைப் படிப்படியாக மூடும் பேச்சை நகரம் 2020 கடைசியிலேயே தொடங்கிவிட்டது.

கூடாரத்துக்கு இடம் ஒதுக்கினால் செலவு குறையுமே?
- வாசகி, சேலம்

குறையவில்லை. ஆளுக்கு 12-க்கு 12 அடி இடம் வேண்டும் என்பது நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் வழிகாட்டல். 2020 மே மாதம் நகர நூலகத்தை ஒட்டிய ஃபுல்டன் தெருவில் தரையில் வெள்ளைக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கூடாரம் வைத்தார்கள். ஒரு கூடாரத்துக்கு ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் ஆகிறது என்று 2021-ல் கணக்கு வெளிவந்தது. துணி மலிவுதான். காவல், கழிப்பறை, குளியல், உணவு, இரவு பகல் ஊழியர் எல்லாம் சேர்ந்தால் தொகை அங்கே போய் நிற்கிறது.

கடைக்காரர்களுக்கு என்ன செய்தார்கள்?
- வாசகர், நாகர்கோவில்

உணவு டெலிவரி செயலிகளின் கமிஷனுக்கு 2020 ஏப்ரலில் 15 சதவீத உச்சவரம்பு வந்தது. 40 டாலர் பில்லில் 30 சதவீதம் என்றால் 12 டாலர் போகும். அது 6 ஆனது. பிறகு, நடைபாதையிலும் பார்க்கிங் இடத்திலும் மேசை போட இலவச அனுமதி. அவசரத்தில் பலர் பலகையும் கூரையும் அடித்து முழுக் கொட்டகையாகவே கட்டிவிட்டார்கள். 2021-ல் திட்டம் நிரந்தரமானபோது, தீயணைப்பு வீரர் நுழைய 20 அடிக்கு ஒரு 3 அடி இடைவெளி வேண்டும் என்று விதி வர, கட்டியதை அறுக்க வேண்டியதாயிற்று.

அதே நடைபாதையில் கூடாரம் போட்டவர்களுக்கு வேறு நியாயம். டெண்டர்லாயின் பகுதியில் ஒரு சட்டக் கல்லூரியும் வேறு சிலரும் போட்ட வழக்கில், ஜூலை 20-க்குள் 300 கூடாரங்களை அகற்ற 2020 ஜூனில் நகரம் சம்மதித்தது. தனி அறை கொடுக்க முடியாவிட்டால் கூடாரத்தைக் கலைக்காதீர்கள் என்று சி.டி.சி. சொல்லியிருந்ததால், அகற்றும் ஒவ்வொருவருக்கும் மாற்றிடம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கும் கைகொடுத்தவை அந்த ஹோட்டல் அறைகளே.