கேளிர் என்ற சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2019 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நம் பிரதமர் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற வரியைத் தமிழிலேயே சொன்னபோது என் கண் கலங்கியது. அது வெறும் நடிப்பு என்று ஈழ அகதிகளைச் சுட்டிக்காட்டி என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். ஒரு நாடு வெளியுறவில் பேசுவதையும் உள்நாட்டில் செய்வதையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? தேசநலன் என்று ஒன்று இருக்கிறதல்லவா? இவையெல்லாம் இலக்கியவாதிகள் பேச வேண்டியவைதாமா? நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கண் கலங்கியதில் பிழையே இல்லை. அன்று எனக்கும் நெஞ்சு நிறைந்தது. யாருக்கு வாக்களிப்பேன் என்பது உங்களுக்குத் தேவையற்றது. இலக்கியவாதி அரசியல் பேசலாமா என்ற கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லிவிட்டேன். ஆனால் சில மாதங்களாகவே ‘கேளிர்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லை மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அதைத் தொட்டதனால்தான் எழுதுகிறேன்.

கணியன் பூங்குன்றனார் யாவரும் விருந்தினர் என்று பாடவில்லை. விருந்தினருக்கு நாம் இலை போடுகிறோம், பாய் விரிக்கிறோம். ஆனால் அவர் என்றோ ஒருநாள் கிளம்பிப் போக வேண்டியவர். கேளிர் என்றால் உறவினர். உறவினருக்கு நம் வீட்டில் உரிமை உண்டு. சோறு போட்டதைச் சொல்லிக்காட்ட நமக்கு வாய் வராது. புறநானூற்றின் 192ஆம் பாடல் தொடங்குவதே இந்தச் சொல் வரும் வரியில்தான். அந்த வரியை உலக அவையில் சொன்ன அரசு, மூன்று மாதம் முடிவதற்குள், அதே ஆண்டு டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறித்தவர்கள் ஆகியோருக்கு அது வழிதிறந்தது. 1983 முதல் பாக் நீரிணையைப் படகில் கடந்து வந்த தமிழர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த மூன்று நாடுகளின் அரசியலமைப்பிலும் அரச மதம் உண்டு என்பதுதான் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருவதைத் தில்லி அறியாதா? தமிழகத்து அகதி முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆகவே மதத்தை அளவுகோலாக வைத்தாலும் இந்தக் கணக்கு நேராகவில்லை. இவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவனிடம் முதலில் மதத்தைக் கேட்கும் சட்டத்தை நான் எக்காலத்திலும் ஏற்கமாட்டேன். அச்சட்டத்தை மாநிலங்களவையில் ஆதரித்தவர்களில் தமிழகக் கட்சியான அ.தி.மு.க.வும் இருந்தது என்பதை உங்கள் நண்பர்களும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

வெளியே பேசுவதையும் உள்ளே செய்வதையும் ஒன்றாக நிறுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அந்த இரண்டும் ஒரே மனிதர்களைப் பற்றியவையாக இருக்கும்போது நிறுத்தே ஆக வேண்டும். 1987ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த, மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தை முழுமையாகச் செயல்படுத்து, தமிழர்களுக்குச் சமத்துவமும் நீதியும் கண்ணியமும் கொடு என்று தில்லி கொழும்பிடம் விடாமல் சொல்லிவருகிறது. அந்தக் கோரிக்கை சரியானது. ஆனால் அந்தத் தமிழன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்துவிட்டால், நம் குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் அவன் சட்டவிரோதக் குடியேறி. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை கண்ணியத்துக்குரியவனாக இருந்தவன் இந்தப் பக்கம் வந்ததும் குற்றவாளியாகிவிடுகிறான். 2025இல் அவர்களில் முன்பே வந்து பதிவு செய்திருந்தவர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் சிறைக்கு அனுப்பமாட்டோம் என்ற உறுதிமொழி குடியுரிமை ஆகிவிடாது.

ஜெனிவாவில் நடந்ததையும் பாருங்கள். ஈழப் போர் முடிந்து பத்து நாட்களுக்குள், 2009 மே மாதம், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இந்தியா கொழும்புக்கு ஆதரவாக வாக்களித்தது. 2012இலும் 2013இலும் இலங்கை மீதான தீர்மானங்களை ஆதரித்தது. 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2021இலும் 2022இலும் மறுபடி ஒதுங்கியது. இடையில் ஆட்சி மாறியது. அகதிகளின் பிள்ளைகளுக்கு இந்த மண்ணில் பிறந்ததனால் குடியுரிமை கிடைக்கும் வாய்ப்பை முற்றாக அடைத்த 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வாஜ்பாய் ஆட்சியில் வந்தது; அடுத்துப் பத்தாண்டு ஆண்ட காங்கிரஸ் கூட்டணி அதைத் தொடவில்லை. ஆகவே நான் ஒரு கட்சியை மட்டும் குறைகூறவில்லை. தில்லியில் யார் அமர்ந்தாலும் இந்த மக்கள் கொழும்போடு பேரம் பேசுவதற்கு உதவும் ஒரு சீட்டாகவே இருந்திருக்கிறார்கள்.

இனி தேசநலன். அந்தச் சொல்லை நீங்கள் எழுதியிருந்த விதம் எனக்குச் சினமூட்டியது, அதை மறைக்க விரும்பவில்லை. முகாம்களில் வாழ்பவர்கள் அறுபதாயிரத்துக்கும் குறைவானவர்கள். நாற்பது ஆண்டுகளாக நம் பள்ளிகளில் படித்து, நம் ஊர்களில் கூலிவேலை செய்து, இங்கேயே பெற்று, இங்கேயே புதைத்தும் எரித்தும் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காகிதம் கொடுத்தால் 140 கோடிப் பேரின் தேசத்துக்கு என்ன நலம் குறைந்துவிடும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? யோசிக்காமல் அந்தச் சொல்லை எடுத்து எழுதியிருக்கிறீர்கள். படித்தவர் இதைச் செய்யக் கூடாது.

என்னுடன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன் ஒருவன் 1990இல் பத்து வயதில் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் வந்திறங்கியவன். வகுப்பில் செய்யுளை ஒப்பிக்க ஆசிரியர் எப்போதும் அவனையே எழுப்புவார். ழகரம் அவன் நாவில் அவ்வளவு தூய்மையாக வரும். முகாமில் அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கும் நாட்களில் மட்டும் பள்ளிக்கு வரமாட்டான். மறுநாள் என் நோட்டை வாங்கிப் பிரதி எடுத்துக்கொள்வான். கணக்கில் என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனான், இன்றும் அதே வேலைதான். மாநில அரசு உதவித்தொகை தருகிறது, அரிசி தருகிறது. 2021இல் முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அவற்றை அவன் நன்றியோடுதான் சொல்வான். ஆனால் அவை விருந்தினருக்குச் செய்பவை, ச.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். என் நண்பனின் மகள் பிறந்தது 2006இல். அவள் கடல் தாண்டி வரவில்லை, அந்தக் கடலைப் படகில் கடந்த அனுபவமே அவளுக்கு இல்லை. கல்லூரியில் சேரும் நாளன்று அவன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். விண்ணப்பத்தில் ‘நாட்டுரிமை’ என்றொரு கட்டம் இருக்கிறது, பிள்ளை பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்ன எழுதச் சொல்லட்டும் என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றக் கட்டங்களை முதலில் நிரப்பச் சொன்னேன்.