எம்பிஏ வேண்டாம், மரம் பார்க்கப் போகட்டும்

“பையன் வேலையை விடுகிறேன் என்கிறான். விலகல் கடிதமே எழுதி வைத்துவிட்டான். நீங்கள்தான் பேசிப் புரியவைக்க வேண்டும்” என்று சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். மகனுக்கு 29 வயது. கணக்கியல் பட்டதாரி. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதங்களில் நள்ளிரவு தாண்டித்தான் டாக்சியில் வந்து இறங்குவானாம். இப்போது, “இந்த ஓட்டம் போதும், மரம் செடியோடு இருக்கிற மாதிரி ஒரு வேலைக்குப் போகிறேன்” என்கிறான். நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. பெண் மருத்துவமனையில் தாதி. இருவரும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்கள். சித்தப்பா, “இது வெறும் களைப்பு, ஒரு எம்பிஏ படித்தால் சரியாகிவிடும்” என்கிறாராம். தாய்மாமா, “தஞ்சாவூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடு, ஆசை தீரட்டும்” என்கிறாராம்.

அக்கா, மாதச் சம்பளத்தை விடுவது விளையாட்டு இல்லைதான். பயப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அவனைத் தடுத்து நிறுத்தத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள் என்றால், தப்பான ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அவனோடு உட்கார்ந்து பேசிய பிறகு சொல்கிறேன், போகட்டும். எப்போது போவது, எந்தக் கணக்கோடு போவது என்பதில்தான் எனக்கும் அவனுக்கும் சண்டை.

முதலில் சித்தப்பாவின் எம்பிஏ. இங்கே பெயர் பெற்ற இடங்களில் முழுநேர எம்பிஏ கட்டணம் 100,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி வரும், சில இடங்களில் தாண்டியும் போகும். படிக்கிற காலத்தில் சம்பளமும் இல்லை. அவ்வளவு பணம் போட்டவன் பிறகு என்ன செய்வான்? அதை மீட்க, இப்போது விட்டு ஓட நினைக்கிற அதே மாதிரி அலுவலகத்துக்குத்தான் திரும்பிப் போவான், இன்னும் அதிக நேரம் உட்காருவான். மேலே ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல படிப்பு. இவன் வெளியேறும் வாசலைத் தேடுகிறான். களைப்பு என்றால் விடுப்பு எடுத்துத் தூங்கலாம், அதற்கு எம்பிஏ எதற்கு?

தாய்மாமாவின் நிலம் அதைவிட ஆபத்து. நீங்கள் எல்லோரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ உங்களால் விலைக்கு வாங்க முடியாது. பூர்வீகமாக வந்தால் வேறு. “மச்சான் பேரில் வாங்கிக்கலாம்” என்பார்கள். பணம் உங்களுடையது, பட்டா அவருடையது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயே பண்ணை வைக்கலாமே என்று அவனே ஒரு முறை கேட்டான். தீவில் விவசாயத்துக்கு இருப்பது ஒரு விழுக்காடு நிலம்தான். 2030க்குள் 30 விழுக்காடு உணவு இங்கேயே விளைய வேண்டும் என்ற இலக்கை அரசாங்கமே 2025 நவம்பரில் மாற்றி, 2035க்கு வேறு இலக்குகள் வைத்துவிட்டது. பெரிய முதலீட்டோடு வந்த காய்கறிப் பண்ணைகளே மூடிக்கொண்டு போயிருக்கின்றன. சேமிப்பை அங்கே கொட்ட வேண்டாம்.

சரி, பிறகு என்னதான் வழி? இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றாத ஒரு வேலை இருக்கிறது. மரங்களை ஆய்வு செய்து பராமரிக்கும் வல்லுநர், தொழிலில் இருப்பவர்கள் ஆர்பரிஸ்ட் என்பார்கள்.

1967ல் தோட்ட நகரம் ஆக வேண்டும் என்று முடிவெடுத்து மரம் நட ஆரம்பித்த ஊர் இது. அப்போது நட்ட அங்சானாவும் தூங்குமூஞ்சி மரமும் இன்று சாலைக்கு மேலே கூரை போட்டு நிற்கின்றன. 2020ல் இன்னும் பத்து லட்சம் மரம் நடும் இயக்கமும் தொடங்கிவிட்டார்கள். நட்டால் போதுமா? வயதாகிற மரத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்று வரிசை கட்டி வரும்போது, எந்தக் கிளை முறியும், எந்த மரம் வேரோடு சாயும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டும். 2017 பிப்ரவரியில் பூமலைத் தாவரவியல் தோட்டத்தில் 270 வயதைத் தாண்டிய ஒரு தெம்புசு மரம் சாய்ந்து, இந்தியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் உயிர் போனது பலருக்கு நினைவிருக்கும். மரம் பார்ப்பது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வேலை எப்படி இருக்கும்? காலையில் ஒரு வரிசை மரங்கள் ஒதுக்குவார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்க்க வேண்டும். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுத்துப்போக ஆரம்பித்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மரம் இரண்டாகக் கவை பிரியும் இடத்தில் பட்டை உள்பக்கமாக மடிந்து போயிருந்தால், வெளியே பார்க்க ஒட்டியிருப்பது போல இருக்கும், பிடிப்பு இருக்காது. பெருங்காற்றில் அந்த இடம்தான் பிளக்கும். கட்டைச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிச் சத்தம் கேட்பார்கள், பொந்து இருந்தால் காதே சொல்லிவிடும். அதற்கும் மேலே சந்தேகம் வந்தால் மரத்தைச் சுற்றி உணர்கருவிகள் பொருத்தி, ஒலி எவ்வளவு வேகமாக ஊடுருவுகிறது என்று அளப்பார்கள். நல்ல மரத்தில் ஒலி வேகமாகப் போகும், உளுத்த இடத்தில் சுற்றிக்கொண்டு போகும். மரத்தின் குறுக்குவெட்டு கணினியில் வண்ணப்படமாக வந்துவிடும். மெல்லிய ஊசித் துளைப்பான் ஒன்றும் இருக்கிறது. மரத்துக்குள் செலுத்தும்போது எதிர்ப்பு எங்கே குறைகிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும். இங்கேதான் நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். மரம் முறிய எவ்வளவு வாய்ப்பு, முறிந்தால் ஆள் மீதோ வண்டி மீதோ விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் சேதம் எவ்வளவு, இந்த மூன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டு, அட்டவணையில் பொருத்தி, இன்ன நடவடிக்கை எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். தம்பி இத்தனை வருடம் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் செய்ததும் இதுதானே? அந்தப் படிப்பு வீண் என்று அழாதீர்கள் அக்கா. மரம் ஏறத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். பார்த்ததை ஒழுங்காக, நாளைக்கு ஒரு வழக்கு வந்தாலும் நிற்கிற மாதிரி எழுதத் தெரிந்தவர் அவ்வளவு சுலபமாகக் கிடைக்க மாட்டார்.

அறிக்கை கேட்பது தேசியப் பூங்காக் கழகம் மட்டுமில்லை. நகர மன்றம், கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகம், கட்டடம் கட்டுகிறவர்கள் என்று எல்லோருக்கும் தேவைப்படுகிறது. மரப் பாதுகாப்பு வட்டாரத்திலோ காலி நிலத்திலோ ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. எம்ஆர்டி ரயில் பாதைக்குத் தோண்டுகிற இடத்தில் பழைய மரம் ஒன்று நின்றால், அதன் வேரைக் காப்பாற்ற எவ்வளவு தூரத்தில் வேலி போடுவது என்று சொல்லவும் இவர்கள்தான் வேண்டும். நமக்கென்று ஒரு வசதியும் உண்டு. கயிறு கட்டி ஏறுகிற, கிளை வெட்டுகிற குழுக்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிமார் நிறையப் பேர். “அந்தக் கிளையில் கால் வைக்காதே, அடியில் உளுத்திருக்கு” என்று தமிழில் கத்தக்கூடிய மேற்பார்வையாளர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

நுழைவது எப்படி? தேசியப் பூங்காக் கழகம் 2007ல் நகர்ப்புறப் பசுமை, சூழலியல் நிலையம் ஒன்றை அமைத்தது, குறுகியகாலப் பயிற்சிகளுக்கு அங்கே விசாரிக்கலாம். 25 வயதானதும் பயிற்சிக்கென்று அரசாங்கம் அவனுக்குக் கொடுத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை இன்னும் தொடாமல் இருக்கிறது. (40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே முதல் 4,000 வெள்ளி கூடுதலாக உண்டு. இதைச் சொன்னதும் அதுவரை வாய் திறக்காமல் இருந்த அவன் அப்பா, “அப்போ நானும் சேரலாமா?” என்று கேட்டார். அக்கா முறைத்தார்.) அனைத்துலக மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ்தான் இங்கே செல்லுபடியாகிற பெரிய சான்று. அந்தத் தேர்வு எழுத மூன்று ஆண்டு முழுநேர வேலை அனுபவம் வேண்டும். தோட்டக்கலை போன்ற பட்டம் இருந்தால் இந்தக் காலம் குறையும், கணக்கியல் பட்டத்துக்குச் சலுகை இல்லை. தேறிய பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சிப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே முதல் மூன்று ஆண்டு கீழ்நிலையில், சட்டை நனைய நனைய வேலை பார்த்துத்தான் ஆக வேண்டும்.

“இதுக்கா படிக்க வச்சோம், புல் வெட்டவா?” என்று சித்தப்பா கேட்டாராம். இந்தத் தீவில் ரோடு போட்டதும் ரப்பர் வெட்டியதும் புல் வெட்டியதும் நம் ஆட்கள்தான். அதை மறைக்க வேண்டிய அவமானமாக நினைப்பதுதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம். தவிர, அவன் போவது புல் வெட்ட இல்லை. புல் வெட்டுகிறவர்களுக்கும் இன்று படிப்படியான சம்பள உயர்வு முறை இருக்கிறது.

களைப்பா, உண்மையான நாட்டமா என்று எனக்கும் முதலில் சந்தேகம் இருந்தது. அவன் கைத்தொலைபேசியைக் காட்டினான். வீட்டுக் கீழே கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் அங்சானா. மழைக்குப் பிறகு எந்தத் தேதியில் பூத்தது, மறுநாள் தரை எப்படி மஞ்சளானது என்று வருடக்கணக்காகப் படம். ஒரு நாள் பக்கத்து மரத்தின் அடியில் காளான் பார்த்து, பொது இடப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் தெரிவித்திருக்கிறான். ஆய்வுக்கு ஆட்கள் வந்த அன்று விடுப்பு போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றிருக்கிறான். வேலை வெறுத்தவர்கள் விடுப்பு எடுத்தால் தூங்குவார்கள், பத்தாம் மாடியிலிருந்து வெயிலில் இறங்கி இன்னொருவர் வேலையைப் பார்க்க நிற்க மாட்டார்கள். இந்தப் படங்களை நீங்கள் பார்த்ததே இல்லை, இல்லையா அக்கா?

இனி தம்பிக்கு. மெதுவான வாழ்க்கை என்று நீ சொன்னதை நான் ஏற்கவில்லை. காலை ஏழு மணிக்குக் களத்தில் இருக்க வேண்டும். வெயில், கொசு, குளவி, புகைமூட்டம் எல்லாம் உண்டு. புயல் அடித்த இரவில் தொலைபேசி வரும். இரவில் தூக்கம் நன்றாக வரலாம், அதுகூட உத்தரவாதம் இல்லை.

பணம். இப்போது 6,000 வெள்ளி வாங்குகிறாய், புதிய வேலையில் 3,200 கிடைக்கிறது என்று வைத்துக்கொள். மசேநியில் (மத்திய சேம நிதியில்) உன் 20 விழுக்காடும் முதலாளியின் 17 விழுக்காடும் சேர்ந்து இன்று மாதம் 2,220 வெள்ளி போகிறது. அது 1,184 ஆகும். வீட்டுத் தவணைக்கு உதவும் சாதாரணக் கணக்குக்குப் போவது 1,380லிருந்து 736 ஆகும். சுயதொழில் என்று கிளம்பினால் முதலாளி பங்கே கிடையாது. அதனால் சம்பளத்துக்குத்தான் சேர வேண்டும், “ஃப்ரீலான்ஸ்” பேச்சே முதல் மூன்று ஆண்டுக்கு வேண்டாம். வீவக கடனில் மாதத் தவணை மொத்த வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உன் பங்குக்கு இன்று 1,800, நாளை 960. பழைய சம்பளத்தைக் காட்டிப் பெரிய கடன் எடுத்துவிட்டு அடுத்த மாதம் கடிதம் கொடுக்கலாம் என்று ஒரு நண்பன் யோசனை சொன்னதாகச் சொன்னாய். கூடவே கூடாது. தவணையைக் கட்டப்போவது புதிய சம்பளம். 960ஐ வைத்து வீடு தேடு. ஐந்தறை வீடு நாலறை ஆகட்டும். விண்ணப்பம் செய்யும் நேரத்தில் இருவரில் ஒருவராவது பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேம்படுத்தப்பட்ட மசேநி வீட்டு மானியம் கிடைக்காது. அவள் வேலையில் இருக்கிறாள், அதனால் தப்பித்தாய்.

விலகல் கடிதம் அப்படியே இருக்கட்டும். முதலில் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு குழுவோடு களத்தில் நின்று பார். ஒரு குறும்பயிற்சியை முடி. ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பிறகு உன் கடிதத்தைக் கொடு.

அக்கா, பெண் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அதிகம் கவலைப்பட்டீர்கள். இரவு ஷிஃப்ட் பார்க்கிற பெண்ணுக்கு வேலை என்றால் என்ன என்று தெரியும். மேலே எழுதிய எண்களை அவள்தான் முதலில் பார்க்க வேண்டும், அவளும் கட்டப்போகிற தவணை அது. அடுத்த முறை வரும்போது அவளை அழைத்து வாருங்கள். சித்தப்பா வர வேண்டாம்.