விளையாட்டுப் பொறியியல் படிக்க விரும்புவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூவில் கணிதம்-உயிரியல் குரூப் படிக்கிறேன். ஸ்போர்ட்ஸ் இன்ஜினியரிங் படிக்க ஆசை. டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கலந்தாய்வுப் பட்டியலில் தேடினேன், அந்தப் பெயரில் எதுவும் கண்ணில் படவில்லை. என்ன செய்வது? (பெரம்பூர் மாணவி)

அந்தப் பெயருக்காகக் காத்திருக்காதீர்கள். விளையாட்டுக் கருவிகளை வடிவமைப்பதும் வீரரின் அசைவை அளப்பதுமான இந்தத் துறையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளநிலையில் வேறு கிளை படித்துவிட்டு, புராஜெக்ட் மூலமாகவோ முதுநிலை மூலமாகவோ உள்ளே வந்தவர்கள்தான். எங்கள் முதல் தேர்வு மெக்கானிக்கல். பந்து, மட்டை, சைக்கிள், ஷூ எதை எடுத்தாலும் விசை, அதிர்வு, பொருளின் உறுதி, காற்றுத் தடை என்ற நான்கிற்குள்தான் கேள்வி அடங்கும். அந்த நான்கும் அங்கே முழுமையாகக் கிடைக்கும். சென்சார்மீது ஆர்வம் என்றால் எலெக்ட்ரானிக்ஸ் அல்லது இன்ஸ்ட்ருமெண்டேஷன் எடுக்கலாம். உடல் இயக்கம், காயம், மறுவாழ்வு என்று மனம் போனால் பயோமெடிக்கல் பொருந்தும். ஷூ, ஜெர்சி, பாதுகாப்புக் கவசம் என்றால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி.டெக் கல்லூரியில் இருக்கும் லெதர் டெக்னாலஜி, டெக்ஸ்டைல் டெக்னாலஜி இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருப்பது கூடுதல் வசதி.

கட்-ஆஃப் 200-க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்றுதான் கணக்கு. உயிரியல் மதிப்பெண் அதில் சேராது. ஆனாலும் உயிரியலை விட்டுவிடாதீர்கள். தசைநார் எந்த எலும்பில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாத பொறியாளர் சென்சாரைத் தவறான இடத்தில் கட்டுவார். அதன் பிறகு எவ்வளவு கணக்குப் போட்டாலும் பலன் இல்லை.

எந்தக் கிளையில் சேர்ந்தாலும் மூன்று பாடங்களை மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது: டைனமிக்ஸ் (இயக்கவியல்), புள்ளியியல், சிக்னல் பிராசஸிங் (சென்சார் தரும் அலையைச் சீர்செய்து படிப்பது). கடைசியாகச் சொன்னது மெக்கானிக்கல் பாடத்திட்டத்தில் போதுமான அளவு இருக்காது. ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல் வழியாகத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மகன் தடகளத்தில் தேசியப் பதக்கம் வாங்கியிருக்கிறான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தால் விளையாட்டுப் பொறியியல்தான் படிக்க வேண்டுமா? (ஆவடி, ஒரு தாய்)

இல்லை அம்மா. கோட்டா என்பது சேர்க்கை வழி மட்டும்தான். அதில் சேர்ந்து கம்ப்யூட்டர் சயின்ஸ்கூடப் படிக்கலாம். ஐஐடி மெட்ராஸ் 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சேர்க்கை நடத்துகிறது. ஒவ்வொரு படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. பதக்கம் மட்டும் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேர்வு எழுதி ரேங்க் பட்டியலிலும் இடம்பெற வேண்டும். பதக்கம் கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் வாங்கியதாக இருக்க வேண்டும். விண்ணப்பமும் ஐஐடிகளுக்கான பொதுக் கலந்தாய்வான ஜோசா வழியாக அல்ல, தனித் தளத்தில். விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இறுதியாண்டு மெக்கானிக்கல். தாவும் விசையை அளக்க ஃபோர்ஸ் பிளேட் செய்கிறோம். ரிச்சி தெருவில் 50 கிலோ லோட் செல் (எடையை மின்குறியாக மாற்றும் சென்சார்) நான்கும் அதைப் படிக்க எச்எக்ஸ்711 போர்டும் வாங்கியாகிவிட்டது. நின்றால் எடை சரியாகக் காட்டுகிறது, தாவினால் வரைபடம் உடைந்து உடைந்து வருகிறது. (தாம்பரம் மாணவர்கள்)

இந்த புராஜெக்டில் அடிக்கடி நேர்வதுதான் உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. எச்எக்ஸ்711 எடை பார்க்கும் தராசுக்காகச் செய்த சிப். விநாடிக்கு 10 அளவீடுதான் தரும். அளவீட்டு வேகத்தைத் தீர்மானிக்கும் ரேட் பின்னை உயர் மின்னழுத்தத்தில் இணைத்தால் 80 வரை போகும். பல மலிவு போர்டுகளில் அந்தப் பின் கிரவுண்டோடு இணைந்தே வருவதால், அந்த இணைப்பை வெட்டிவிட்டுத்தான் மாற்ற முடியும். மாற்றினாலும் தீராது. தரையை உந்தும் கட்டம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நீடிக்கும். 10 வேகத்தில் அதற்குள் மூன்று புள்ளி, 80-இல் சுமார் 25 புள்ளி. தரை இறங்கும்போது விசை உச்சம் தொடுவது மிகக் குறுகிய நேரத்தில். அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போய்விடும். ஆய்வகத் தட்டுகள் விநாடிக்கு 1000 அளவீடு எடுப்பது இதனால்தான். ஏடிஎஸ்1256 போன்ற வேகமான ஏடிசி-க்கு (மின்குறியை எண்ணாக மாற்றும் சிப்) மாறுங்கள். செங்குத்து விசையின் மொத்தம் மட்டும் போதும் என்றால் நான்கு செல்களையும் ஜங்ஷன் பாக்ஸில் இணைத்து ஒரே சேனலில் படிக்கலாம். விசை தட்டில் எந்தப் புள்ளியில் விழுகிறது என்றும் தெரிய வேண்டுமானால் நான்கையும் தனித்தனியாகப் படித்தாக வேண்டும்.

அடுத்தது செல்லின் கொள்ளளவு. 50 கிலோ செல் நான்கு சேர்ந்தால் 200 கிலோ. 70 கிலோ உள்ளவரின் எடைக்கு இது மூன்று மடங்குகூட இல்லை. முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கினால் அதைத் தாண்டிவிடும். தாண்டினால் வரைபடத்தின் உச்சி தட்டையாகத் தெரியும், செல் நிரந்தரமாக வளையவும் கூடும். ஒவ்வொன்றும் 200 கிலோ தாங்கும் பீம் வகைச் செல் வாங்குங்கள்.

மேல் தட்டு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பிளைவுட் என்றால் அதுவும் வளைந்து அதிர்ந்து, தன் அதிர்வைத் தாவலின் விசையோடு கலந்துவிடும். 50 செ.மீ. சதுரத்தில் 10 மி.மீ. எஃகுத் தகடு கிட்டத்தட்ட 20 கிலோ வரும். தூக்கக் கனம்தான், ஆனால் விறைப்பாக இருக்கும். பொருத்திய பிறகு ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, வரும் அதிர்வின் அதிர்வெண்ணைப் பாருங்கள். நீங்கள் அளக்க விரும்பும் அசைவின் அதிர்வெண்ணைவிட அது பல மடங்கு மேலே இருக்க வேண்டும்.

அளவுத்திருத்தத்தை ஜிம் தட்டுகளை வைத்துச் செய்யலாம். ஆனால் 20 என்று பொறித்திருப்பதை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் முத்திரையிட்ட தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். எடையை ஏற்றும்போது ஒரு வரிசை, இறக்கும்போது ஒரு வரிசை எடுத்து, பிறகு ஒரே எடையை நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் தட்டு ஒரு பக்கம் தரையில் உட்காரவில்லை, அல்லது நான்கு செல்களின் உணர்திறனும் ஒன்றுபோல் இல்லை என்று அர்த்தம். அறிக்கையில் இந்தப் பிழை அட்டவணைதான் உங்கள் உழைப்பைக் காட்டும். வண்ண வரைபடங்களைவிடத் தேர்வாளர் அதைத்தான் படிப்பார்.

இன்னொன்று: மற்ற மாணவர்களைத் தாவச் சொல்லி அளக்கப் போகிறீர்கள் என்றால் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முதலில் வாங்கிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

ஃபோர்ஸ் பிளேட்டுக்குப் பணம் இல்லை. போன் கேமராவை வைத்தே தாவும் உயரத்தை அளக்கலாமா? (வியாசர்பாடி)

தாராளமாக. காற்றில் இருக்கும் நேரத்தின் வர்க்கத்தை 9.81-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வந்துவிடும். அரை விநாடி என்றால் 30.7 செ.மீ. ஆனால் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரே ஒரு ஃபிரேம் பிசகினால் விடை 34.9 ஆகிவிடும். நான்கு செ.மீ. பிழையோடு பயிற்சியில் முன்னேற்றம் உண்டா என்று சொல்ல முடியாது. 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் அதே பிசகு அரை செ.மீ. மட்டுமே. முழங்காலை மடக்கி இறங்கினால் நேரம் கூடி உயரமும் பொய்யாகக் கூடும். கிளம்பிய அதே நிலையில், காலை நீட்டி, முன்பாதத்தில் இறங்கி அதன் பிறகு மடக்கச் சொல்லுங்கள்.

ஸ்லோமோஷன் கோப்பை கினோவியா, டிராக்கர் போன்ற இலவச மென்பொருளில் திறக்கும்போது உண்மையான ஃபிரேம் வேகத்தைக் கையால் கொடுக்க வேண்டும். போன் 240-இல் எடுத்து 30-இல் ஓடும்படி சேமித்திருந்தால் எல்லா நேரமும் எட்டு மடங்காகக் காட்டும்.

எங்கள் அகாடமியில் ஒரு சுழற்பந்து வீச்சாளரின் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீள்கிறதா என்று வீடியோவில் பார்த்துச் சொல்லச் சொல்கிறார் பயிற்சியாளர். (வேளச்சேரி)

மறுத்துவிடுங்கள். 15 டிகிரியைத் தாண்டினால் அது வீச்சு அல்ல, எறிதல். விதி பார்ப்பது, கை கிடைமட்டத்துக்கு வந்த நொடியிலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதை. கை முழுக்கச் சுழன்றுகொண்டே வரும்போது ஒரே கேமராவில் தெரிவது அந்தக் கோணத்தின் தட்டையான நிழல்தான். பிறவியிலேயே முழங்கை சற்று வளைந்தவர் அதில் பந்தை எறிபவராகத் தெரிவார், உண்மையில் எறிபவர் தப்பித்தும் விடுவார். இதற்குப் பல கேமராக்கள், தோலில் ஒட்டும் குறிகள், முப்பரிமாணக் கணக்கு எல்லாம் வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையம் இந்தச் சோதனைக்கு ஐசிசி அங்கீகாரம் பெற்றது. ஒரு பையனின் கிரிக்கெட் வாழ்க்கையே இதில் அடங்கியிருக்கிறது. போன் வீடியோவை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஓடிவரும் வேகம், காலடி நீளம் போன்றவற்றை வீடியோவில் அளக்கலாம். கேமராவை ஓட்டப் பாதைக்குச் செங்குத்தாக முக்காலியில் வையுங்கள். ஒரு மீட்டர் அளவுகோலை ஓடுபவர் ஓடும் அதே கோட்டில் வைத்துப் படம் எடுங்கள். எட்டு மீட்டர் தூரத்தில் அளவுகோல் அரை மீட்டர் கேமரா பக்கம் நகர்ந்திருந்தாலே எல்லா நீளமும் ஆறு சதவீதம் குறைவாக வரும். பந்தைப் பார்க்க வேண்டுமானால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள்: மணிக்கு 120 கி.மீ. பந்து 1/240 விநாடியில் 14 செ.மீ. நகர்ந்து கோடாகிவிடும், 1/2000-இல் 1.7 செ.மீ. மட்டுமே. அதற்கு நல்ல வெயில் வேண்டும். உள்ளரங்க வலையில் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குவதால் படம் விட்டு விட்டு இருளும்.

முதலாண்டு மாணவன் செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்லுங்களேன்.

டென்னிஸ் பந்து. விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினத் தரையில் விழுந்தால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அளவுகோலை வைத்துக் கண்ணால் பார்க்காதீர்கள். போனில் ஒலியைப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் முதல் 'டப்'புக்கும் இரண்டாம் 'டப்'புக்கும் இடைவெளி எடுங்கள். தாவலுக்குச் சொன்ன அதே சூத்திரம் இங்கும் செல்லும்: 1.07 விநாடி என்றால் சுமார் 140 செ.மீ. ஒலியில் விநாடிக்கு 44,100 புள்ளிகள் இருப்பதால் வீடியோவைவிடப் பல மடங்கு துல்லியம். எழுந்த உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மீள்திறன் எண் கிடைக்கும். நல்ல பந்துக்கு 0.73 முதல் 0.76 வரை. பிறகு அதே பந்தை மே மாத மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் பத்து முறையாவது போட்டு, சராசரியோடு சிதறலையும் எழுதுங்கள்.

வெளிநாட்டில் எம்.எஸ்சி. செய்ய எங்கே பார்ப்பது? விண்ணப்பத்தில் எதைக் கவனிப்பார்கள்?

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் ஹாலம், லஃபரோ இரண்டும் இத்துறையில் பழைய பெயர்கள். அங்கே முதுநிலை ஓராண்டு. ஜெர்மனியில் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பெயரிலேயே படிப்பு உண்டு, ஆனால் ஜெர்மன் மொழி தேவைப்படும். இவை சிறிய துறைகள் என்பதால், அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று துறைக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

நோக்க அறிக்கையில் விளையாட்டின் மீதுள்ள காதலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைக் குறையுங்கள். நீங்கள் அளந்த ஒரு பொருள், பயன்படுத்திய கருவி, வந்த பிழை, அதைக் குறைத்த விதம் என்று அரைப்பக்கம் போதும். விதிப்புத்தகம் படித்தவர் என்றும் தெரிய வேண்டும். 1984-இல் ஊவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தார், 1986-இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 செ.மீ. முன்னுக்குத் தள்ளினார்கள், முனை சீக்கிரம் கீழே சாய்ந்து தூரம் குறைந்தது. கிரிக்கெட்டில் 2017 முதல் மட்டையின் விளிம்பு 40 மி.மீ., தடிமன் 67 மி.மீ. தாண்டக் கூடாது. எந்தப் பொருளை வடிவமைத்தாலும் இப்படி ஒரு வரம்பு உங்களுக்கு முன்பே நிற்கும்.

படித்து முடித்தால் சென்னையிலேயே வேலை கிடைக்குமா?

அந்தப் பதவிப் பெயரில் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும். சைக்கிள் என்றால் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். ஷூ என்றால் செய்யாறு, ஆம்பூர், ராணிப்பேட்டை. சக்கர நாற்காலி, செயற்கைக் கால் என்றால் ஐஐடி மெட்ராஸில் உள்ள மறுவாழ்வுக் கருவி ஆய்வகமும் அதிலிருந்து கிளம்பிய நிறுவனங்களும். மட்டை, பந்து உற்பத்திக்கு மீரட், ஜலந்தர் போக வேண்டியிருக்கும். அணிகளுக்கான தரவுப் பகுப்பாய்வு வேலை பெரும்பாலும் பருவகால ஒப்பந்தம், அதை மட்டும் நம்பிக் கல்விக்கடன் வாங்காதீர்கள். இவற்றில் பல இடங்களில் உங்களை டெஸ்டிங் இன்ஜினியராகவோ புராடக்ட் டிசைனராகவோதான் எடுப்பார்கள். ஆகவே கேட் (CAD, கணினியில் வடிவம் வரைவது) மற்றும் ஃபைனைட் எலிமெண்ட் (பொருளின் உறுதியைக் கணினியில் கணக்கிடுவது) மென்பொருளில் ஒன்று, பைத்தான், சென்சார் அளவீடுகளைப் பதிவு செய்யும் ஒரு டேட்டா அக்விசிஷன் கருவி ஆகியவற்றில் மூன்றாமாண்டு முடிவதற்குள் கை பழகியிருக்க வேண்டும்.