பழைய புரோட்டோன் சாகா காரில் கை பிரேக் பிடிக்கவில்லை: கேபிளை இறுக்கினால் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கை பிரேக்கை முழுவதும் இழுத்தாலும் மேட்டில் கார் பின்னால் உருள்கிறது, கேபிளை இறுக்கலாமா என்று. உடனே இறுக்காதீர்கள். பட்டறைகளிலும் அவசரத்தில் கேபிளைத்தான் இறுக்கிவிடுகிறார்கள்.

சாகா, கஞ்சில் போன்ற பழைய கார்களில் பின் சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் அழுந்தி அதை நிறுத்தும் வளைந்த தகடுகள்தான் ஷூக்கள். கேபிள் இழுப்பது அவற்றைத்தான். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசுபட்டையான லைனிங் தேய்ந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். கை பிரேக் உயரமாக எழும். அந்த இடைவெளியைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் முறுக்கினால் ஷூ முழுவதுமாகப் பின்வாங்காது. ஓடும்போது உரசும், டிரம் சூடேறும்.

சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, கை பிரேக்கை இறக்கிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கித் தாங்கியில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது. டிரம்மைக் கழற்றியதும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், பெரும்பாலும் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. அதை மாற்றி, இருபக்க ஷூக்களையும் சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயனில்லை.

டிரம்மைத் திரும்ப மாட்டி, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் லேசாக உரசும் நிலைக்குக் கொண்டுவந்து, சற்றுத் தளர்த்துங்கள். கேபிளின் முறை அதன்பிறகுதான். செம்மண் சாலையில் ஓடும் கார் என்றால் கேபிளின் உறைக்குள் சேறும் துருவும் ஏறியிருக்கும். விட்டபின் கேபிள் தானாகத் திரும்பாவிட்டால் புதிதாகப் போடுவதே நல்லது.