கதவு அகலமானால் போதுமா?

கேள்வி: எங்கள் கடைக் கழிவறையின் கதவை அகலமாக்கி, கைப்பிடியும் வைத்துவிட்டோம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இது போதுமா?

பதில்: கதவு 90 செ.மீ. அகலம் இருந்தால் நல்லதுதான், ஆனால் உள்ளே போனவரால் அதைச் சாத்த முடிகிறதா? நாற்காலி திரும்ப உள்ளே 150 செ.மீ. குறுக்களவுள்ள வட்டம் காலியாக இருக்க வேண்டும். கதவு உள்பக்கம் திறந்தால் அந்த இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும், யாராவது விழுந்துகிடந்தால் வெளியிலிருந்து தள்ளவும் முடியாது, அதனால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். கைப்பிடி ஒரு ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டும். அவசர மணிக் கயிறு தரைவரை தொங்கட்டும், பெருக்கும்போது இடைஞ்சல் என்று பலர் மேலே சுருட்டிக் கட்டிவிடுகிறார்கள், விழுந்தவர் கைக்கு எப்படி எட்டும்? அப்புறம், உள்ளே வாளி, துடைப்பம், அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.